நல்லதண்ணீர்க் கிணறு உப்பு என்று சொன்னவர்

நம்மில் பலருக்கு நாற்பது தாண்டிவிட்டது. வாசிக்கக் கண்ணாடி, படியேறினால் முழங்காலில் ஒரு சத்தம். பிள்ளைகளோடு இத்தாலியன், வீட்டுக்காரரோடு பாதித் தமிழ் என்று எப்படியோ ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் பலேர்மோவின் கால்சாப் பகுதியில் என்னோடு வளர்ந்த உங்களில் யாரையாவது இந்த நிமிடம் மறித்து, "துறையடியிலிருந்து வீடு சொல்லு" என்று கேட்டால் சொல்லிவிடுவீர்கள். பந்தயம் கட்டுகிறேன். முதலாவது ஓடக்காரர் வீடு, அடுத்தது கருவாட்டுக் கொட்டில் வீடு, அதற்கடுத்தது இரட்டைப் பிள்ளைகள் வீடு, அப்படியே ஒவ்வொன்றாக வேதக்கோயில் வாசல் வரை. உங்களில் பாதிப் பேர் நம் ஊர்த் தீவைக் கண்ணால் கண்டதில்லை, பலேர்மோ ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள். அப்படியிருந்தும் ஒரு வீடு பிசகினால் தலையில் குட்டு விழும் என்று தெரிந்து வைத்திருந்தோம்.

மறந்தவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். நம் தீவு நீளத்தில் இரண்டு மைல், அகலத்தில் அரை மைல் இருந்தால் அதிகம். கிழக்கே மணல், அங்கேதான் துறை. மேற்கே கல்லுமுனை. அந்தப் பக்கம் தண்ணீருக்கு அடியில் முருகைக்கல் பல்லுப் பல்லாய் நிற்கும் என்பதால் வள்ளம் ஒன்றும் போகாது. தெற்கே புல்லும் முளைக்காத உப்புத்தரவை. நடுவில் பனங்கூடல், அதற்குள் ஒரேயொரு நல்லதண்ணீர்க் கிணறு. மற்றக் கிணறுகள் எல்லாம் சவர், வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும். கிணற்றடிக்கும் கோயிலுக்கும் இடையில் கிராமசபைக் கட்டடம்: ஒரு அறை, ஒரு மேசை, ஒரு கைமணி. சபைக்குத் தலைவர் இருந்தார், உறுப்பினர்கள் இருந்தார்கள், வேலை செய்தது ஒரே ஒரு ஆள்தான். அது என் மாமா, அம்மாவின் தம்பி.

பங்குனி பிறந்தால் மழை வரும்வரை அந்தக் கிணற்றுக்குப் பலகை மூடியும் பூட்டும் போடுவார்கள். சாவி மாமாவிடம். விடிய மணியை அடித்து, துறையடியிலிருந்து வீடு வீடாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். வீட்டுக்கு இரண்டு குடம். அடுத்த நாள் கோயிலடியிலிருந்து திருப்பிக் கூப்பிடுவார், கடைசி வீட்டுக்காரர் கலங்கல் தண்ணீர்தான் கிடைக்கிறது என்று குறை சொல்லக் கூடாதல்லவா. நாம் பாடமாக்கியது அந்த வரிசையைத்தான். ஊர் சிதறிப் பலேர்மோவுக்கு வந்த பிறகு, ஞாயிறு பூசை முடிந்ததும், எங்கள் அறைக்குக் கீழே பழைய குதிரை லாயத்தில் பெரியவர்கள் கூடி உட்கார்ந்து, மாமாவின் தண்ணீர் வரிசையைச் சொல்லிச் சொல்லி ஊரைக் கலையாமல் வைத்திருந்தார்கள்.

எனக்கு நாலு வயதாக இருக்கும்போது அப்பாவும் அம்மாவும் என்னைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். மாமாவைப் பற்றி என்னிடம் இருப்பது ஒரு கழுத்தின் பின்பக்கம் மட்டும். அவர் தோளில் இருந்து பார்த்த கழுத்து, வேர்வையும் தேங்காயெண்ணெயும் மணக்கும். நாங்கள் வந்து சில வருடங்களில் தீவில் குண்டு விழுந்து, சனம் எல்லாம் ஒரே பின்னேரத்தில் வள்ளங்களில் ஏறியது. மாமா ஏறவில்லை. "கிழடு கட்டையள் இன்னும் இருக்குதுகள், தண்ணி குடுத்திட்டு வாறன்" என்றாராம். அதற்குப் பிறகு கடிதம் இல்லை, செய்தி இல்லை.

அம்மா காத்திருந்தார். பொலித்தேயாமா நாடகசாலைப் பக்கம் ஒரு இத்தாலியச் சிஞ்ஞோராவின் வீட்டில் தரை துடைத்து, உடுப்புக்கு இஸ்திரி போட்டு, வீட்டுக்கு வந்து சமைத்து, சாப்பிட உட்காரும்போது தன் பங்கிலிருந்து முதல் கவளத்தை எடுத்து ஒரு எனாமல் கிண்ணத்தில் வைப்பார். "இது தம்பிக்கு." தாயும் தகப்பனும் கருவாட்டு வேலைக்குப் போன காலத்தில் அக்காவும் தம்பியும் தனியே வளர்ந்தவர்கள், யார் முதலில் சாப்பிட்டாலும் மற்றவருக்கு ஒரு கவளம் எடுத்து வைக்க வேண்டும் என்பது அவர்களுக்குள் சட்டம். விடிய அந்தச் சோறு மாடத்துப் புறாக்களுக்குப் போகும். இது அப்பாவுக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். வெளியில் சொல்லுவது அம்மாவுக்கு வெட்கம். விசர் பிடித்தவள் என்பார்கள் என்று பயம்.

எனக்குப் பன்னிரண்டு வயது நடந்த அந்த ஐப்பசியில் தெற்கிலிருந்து வெக்கைக் காற்று மூன்று நாள் விடாமல் அடித்தது. கால்சா முழுக்கச் சிவப்புத் தூசு. பழைய உலகப் போரில் குண்டு விழுந்து கூரை போன பலாஸ்ஸோ மாளிகைகளுக்குள் காற்று புகுந்து ஊளையிட்டது. மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. லாயத்துக்குள் நாம் எல்லாரும் இருந்தோம். சின்னதுகள் மேசைக்குக் கீழே கோலி உருட்டிக்கொண்டிருந்தீர்கள். வாசலில் ஒருவர் வந்து நின்றார். முப்பது வயதிருக்கும், மெலிந்த ஆள், கையில் ஒரு பிளாஸ்டிக் பை.

"தண்ணிச் சாவிக்காரரின்ரை அக்கா ஆர்?" என்று கேட்டார்.

அம்மா எழுந்து நின்றார்.

"அக்கா, உங்கடை தம்பி மோசம் போட்டார். காய்ச்சல். மருந்து இல்லை. நான்தான் அடக்கம் பண்ணினனான். பலேர்மோவிலை அக்கா இருக்கிறா, எனக்கு ஒரு பூசை ஒப்புக்குடுக்கச் சொல்லு எண்டவர். அதுக்குத்தான் வந்தனான்."

இருந்ததை இருந்தபடி, மூச்சு விடாமல் சொல்லி முடித்தார். வழி முழுக்க மனப்பாடம் செய்திருப்பார் பாவம். அம்மா அழவில்லை. வாங்குப் பலகையின் நுனியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

அப்போதுதான் சம்மாட்டியார் தொண்டையைச் செருமினார். ஊரில் எட்டு வள்ளமும் கரைவலையும் வைத்திருந்தவர், இங்கே பலாஸ்ஸோக்களின் மாடிப்படி கழுவினார், ஆனால் லாயத்துக்குள் வந்தால் மறுபடியும் சம்மாட்டிதான். அவரையும் குறை சொல்ல முடியாது. முந்திய வருடம் ஒருவன் ஊரவன் என்று சொல்லிக்கொண்டு வந்து, மூன்று மாதம் வீடு வீடாகச் சாப்பிட்டு, ஒவ்வொருவருக்கும் அவரவர் உறவைப் பற்றி ஒவ்வொரு கதை அளந்துவிட்டுப் போயிருந்தான். ஒன்றுகூட உண்மை இல்லை. அதிலிருந்து புதிதாக யார் வந்தாலும் வீடு சொல்ல வேண்டும் என்பது நடைமுறை. அந்தக் கண்டறியாத பரீட்சையை நாமெல்லாம் ஆவலாய்ப் பார்த்துக்கொண்டிருப்போம், மறுப்பதற்கில்லை.

"நீர் அங்கை இருந்தனீரோ?"

"ஓம் ஐயா, இருந்தனான்."

"அப்ப துறையிலை இறங்கினால் முதல் வீடு ஆரின்ரை?"

"துறை இல்லை ஐயா."

"என்ன?"

"மணல் அள்ளுப்பட்டுப் போச்சு. நாங்கள் கல்லுமுனையாலைதான் ஏறி இறங்கினனாங்கள்."

லாயம் குலுங்கிச் சிரித்தது. "கல்லுமுனையாலையோ? வள்ளத்தைத் தோளிலை தூக்கிக்கொண்டோ?" என்று யாரோ கேட்டார்கள்.

"நீர் பெருகேக்கை ஒடுக்கமாய் ஒரு வழி இருக்கு."

"நாப்பது வருஷம் அந்தக் கடலிலை தொழில் செய்தவன் நான்," என்றார் சம்மாட்டியார். "எனக்குத் தெரியாத வழி உமக்குத் தெரியுமோ? சரி, விடும். பனங்கூடலுக்கு அங்காலை என்ன இருக்கு?"

"பனை ஒண்டும் இல்லை. பங்கர் கட்டத் தறிச்சுப் போட்டாங்கள்."

"வீடு?"

"கூரை இல்லாத சுவர்தான். எது ஆரின்ரை எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? ஐயா, நான் உங்கடை ஊர் எண்டு சொல்லேல்லை. அக்கரையாலை ஓடி வந்து அங்கை ஒதுங்கினனான்."

அந்தக் கடைசி வார்த்தைகளை ஒருவரும் காதில் வாங்கவில்லை. எனக்குக் கேட்டது, நான் வாசற்படியில் அவருக்குப் பக்கத்தில் நின்றேன். உள்ளே எல்லாரும் ஒரே நேரத்தில் கதைக்கத் தொடங்கியிருந்தார்கள். துறை இல்லையாம், பனை இல்லையாம், ஆளைப் பார் ஆளை! அம்மா கையை உயர்த்தினார். சத்தம் அடங்கியது.

"தம்பி, ஒண்டு கேக்கிறன். நல்லதண்ணிக் கிணத்துத் தண்ணி எப்பிடி?"

அவர் அம்மாவை நேரே பார்க்கவில்லை. கையிலிருந்த பையைப் பார்த்தார்.

"உப்பு அக்கா."

அம்மா சிரித்தார். ஐயோ, அந்தச் சிரிப்பை நீங்கள் மறந்திருப்பீர்கள், நான் மறக்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணால் தண்ணீர் ஓட ஓடச் சிரித்தார். "என்ரை தம்பி பூட்டி வைச்சிருக்கிற கிணறு உப்பாம்! கேட்டியளே? உப்பாம்!" பெண்கள் எல்லாரும் ஓடி வந்து அவரைக் கட்டிப்பிடித்தார்கள். அந்தக் கிணற்றின் தண்ணீர் இனிப்பு என்பது நம் ஊரில் ஞாயிறு பூசை மாதிரி, யாரும் கேள்வி கேட்காத விஷயம். கிணறு பொய் என்றால் ஆள் பொய், ஆள் பொய் என்றால் செத்ததும் பொய். அப்பாதான் அந்த மனிதரிடம் போய் முழங்கையைத் தொட்டு, "தம்பி, வெளிக்கிடும்" என்று மரியாதையாகச் சொன்னார்.

அன்று மத்தியானம் எங்கள் அறையில் திருவிழா. அம்மா இறைச்சி வறுத்தார், வடை சுட்டார், வந்தவர்களையெல்லாம் இருத்திச் சாப்பிடச் சொன்னார். நான் கீழே குப்பை கொட்டப் போனபோது அந்த மனிதர் மாடிப்படி முடிவில் இருட்டுக்குள் உட்கார்ந்திருந்தார். போக இடம் இல்லை. தெருமுனைக் கடையில் அம்மா எனக்காக வாங்கித் தந்த பனெல்லே பாண் ரொட்டி என் கையில் இருந்தது. கடலைமாவைப் பொரித்து உள்ளே வைத்த அந்தப் பாணைப் பாதியாய்ப் பிய்த்து நீட்டினேன். "இந்தாங்கோ."

அவர் வாங்கினார். ஓரத்தில் ஒரு துண்டைக் கிள்ளித் தனக்கு இடப்பக்கம் படியில் வைத்தார். "இது அக்காக்கு" என்று வாய்க்குள் சொன்னார். பிறகுதான் சாப்பிட்டார்.

நான் குனிந்து அந்தத் துண்டைப் பார்த்தேன். "ஏன் அப்பிடி வைக்கிறியள்?" என்று கேட்டேன்.

"அவர் வைப்பார் பிள்ளை. ஏழு மாதம் ஒண்டாய் இருந்து சாப்பிட்டனாங்கள். அவர் போனாப் பிறகு எனக்கும் பழகிப் போச்சு, வைக்காமல் சாப்பிட்டால் இறங்காது." பாணை மென்றுகொண்டே சொன்னார். "நல்ல மனிசன். தண்ணி உப்பாய்ப் போச்செண்டு அவருக்குத் தெரியும். குடிச்சுப் பாத்துத் துப்புவார். ஆனால் விடிஞ்சால் மணியை அடிச்சு ஒவ்வொரு வீடாய்க் கூப்பிடுவார். ஆர் இருக்கினம் வர? ஒருத்தரும் இல்லை. கூப்பிட்டு, நிண்டு பாத்து, அடுத்த வீட்டைக் கூப்பிடுவார்."

நான் படியேறி ஓடினேன். சொல்லத்தான் ஓடினேன், கடவுள் அறிய. கதவைத் திறந்தால் அம்மா அடுப்படியில் நின்று, என்னைக் கண்டதும் எண்ணெய்க் கையோடு இழுத்து அணைத்து, "மாமா வருவார் பிள்ளை, பாரன், ஒரு நாளைக்கு இந்தக் கதவாலைதான் வருவார்" என்றார். நான் பிறந்ததிலிருந்து அவர் முகம் அப்படி இருந்து பார்த்ததில்லை. சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

அடுத்த வாரங்களில் பள்ளிக்கூடத்தில் எல்லாரும் நவம்பர் இரண்டு, நம் பேச்சில் கார்த்திகை இரண்டாம் தேதி, வரும் செத்தவர்களின் திருநாளைப் பற்றியே கதைத்தார்கள். பலேர்மோவில் அன்று செத்தவர்கள் வீட்டுக்கு வந்து பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமானும் சீனிப் பொம்மையும் வைத்துவிட்டுப் போவார்கள் என்று நமக்குத் தெரியும். குற்றம் செய்த பிள்ளையின் உள்ளங்காலைச் சீஸ் துருவும் துருவியால் உரசிவிடுவார்கள் என்பதும் தெரியும். அதனால் முதல் நாளே துருவியை ஒளித்து வைக்க வேண்டும் என்று பக்கத்து வாங்குப் பிள்ளை எனக்குச் சொல்லித் தந்தாள். எங்கள் வீட்டில் சீஸ் துருவி இல்லை. ஊரிலிருந்து வந்த திருவலைதான் இருந்தது. அதைத் துணியில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் பெட்டிகளுக்குப் பின்னால் தள்ளிவிட்டேன். மாமா வந்தால் யாரிடம் முதலில் வருவார் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. அம்மா சம்பலுக்குத் தேங்காய் துருவத் திருவலையைத் தேடி, "இதையும் ஆரும் களவெடுப்பாங்களோ?" என்று வீட்டைத் தலைகீழாக்கினார். நான் இரண்டு சோடி காலுறை போட்டுக்கொண்டு படுத்தேன்.

விடிந்தபோது என் காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்று தமிழ்ப் பூசையில் இரண்டு தாள் கைமாறி வந்தது. ஒன்றில் செத்தவர்களின் பெயர், மற்றதில் உயிரோடு இருப்பவர்களுக்கான மன்றாட்டு. அம்மா உயிரோடு இருப்பவர்களின் தாளில், எல்லாருக்கும் மேலே, மாமாவின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதினார். நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பேனா என் கைக்கும் வந்தது. பக்கத்தில் இருந்தவருக்குக் கொடுத்துவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து அம்மா என்னைப் போர்கோ வெக்கியோ சந்தைக்கு மீன் வாங்க அனுப்பினார். அங்கே அந்த மனிதர் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் ஈரக் கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு வந்தார்.

"நாளைக்கு ரயிலிலை வடக்கை போறன் பிள்ளை. உன்னைக் கண்டது நல்லதாய்ப் போச்சு. அம்மா பூசை குடுத்தவவோ?"

என்னை நம்பித்தான் கேட்டார். மூன்று நாடு தாண்டி வந்து, எல்லார் முன்னும் பொய்க்காரன் ஆகி, அந்த ஒன்றுக்காகத்தான் இன்னும் நின்றார்.

"ஓம்," என்றேன்.

"பேர் வாசிச்சவையோ?"

"ஓம். வாசிச்சவை. எனக்குக் கேட்டது."

அவர் நெற்றியில் சிலுவை போட்டார். அங்கேயே, நண்டுப் பெட்டிக்குப் பக்கத்தில், தோள் இரண்டும் இறங்கியது. "அப்ப சரி," என்றார். "அப்ப நான் போறன்." அதற்குப் பிறகு அவரை யாரும் காணவில்லை. அவர் பெயரை நாம் ஒருவரும் கேட்டு வைக்கவில்லை.

போர் முடிந்து தீவுக்குப் போக விட்டபோது முதலில் போய் வந்தவர் சம்மாட்டியார்தான். திரும்பி வந்து, லாயத்தில் எல்லாரும் சுற்றி நிற்க, "கல்லுமுனையாலைதான் இறங்கினனாங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குனிந்து சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினார். அதற்குப் பிறகு யாரும் வீடு சொல்லவில்லை, கவனித்தீர்களா? ஆனால் அம்மா அசையவில்லை. "துறை போனால் போகட்டும். கிணறு உப்பாய்ப் போகட்டும். அதுக்கு என்ரை தம்பி செத்தவன் எண்டு ஆர் சொன்னது? இந்தியாவுக்கு வள்ளம் ஏறியிருப்பான்." ஒவ்வொரு கார்த்திகையும் அதே தாள், அதே பெரிய எழுத்து. நான் கல்யாணம் கட்டினேன், ஒரேத்தோ ஆற்றுப் பக்கம் வீடு மாறினோம், பிள்ளைகள் பிறந்தார்கள், அப்பா இறந்தார். அப்பாவின் பெயரை ஒரு தாளிலும் மாமாவின் பெயரை மற்றத் தாளிலும் அம்மா எழுதினார். நாளைக்குச் சொல்லலாம் என்று நானும் நினைத்துக்கொண்டேயிருந்தேன்.

போன கார்த்திகையில், அம்மாவுக்குப் பார்வை மங்கிவிட்டதால், எழுதும் வேலை என்னிடம் வந்தது. அவரும் போய்விட்டால் மாமாவுக்கென்று ஒரு பூசை கேட்க உலகத்தில் யார் மிச்சம் என்று நினைத்தேன். செத்தவர்களின் தாளில், அப்பாவின் பெயருக்குக் கீழே எழுதினேன். அம்மாவுக்குச் சொல்லவில்லை. பூசை வைத்த சுவாமி ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு வந்தார். மாமாவின் பெயர் வந்தபோது அம்மாவின் செபமாலை நின்றது. 

பூசை முடிந்து வெளியே வந்து மதிலோரம் இருந்த கல்லில் உட்கார்ந்தார். "ஆர் எழுதினது?"

"நான்தான் அம்மா."

"உனக்கு என்ன தெரியும்?"

படியில் அந்த மனிதர் பாணைக் கிள்ளி வைத்ததைச் சொன்னேன். யாரும் இல்லாத ஊரில் மாமா வீடு வீடாய்க் கூப்பிட்டதைச் சொன்னேன். சந்தையில் நான் சொன்ன பொய்யையும் சொன்னேன். அம்மா தலையை அசைத்து அசைத்துக் கேட்டார். நான் நினைத்திருந்தது போல அவர் இல்லையென்று மறுக்கவுமில்லை, மார்பில் அடித்துக்கொள்ளவுமில்லை.

"முப்பது வருஷம்," என்றார். "முப்பது வருஷமாய் அவன் மோட்சம் போகேலாமல் உத்தரிச்சுக்கொண்டு இருந்திருக்கிறான். ஒரே ஒரு பூசைதானே கேட்டவன். நான் அவனுக்கு நீண்ட ஆயுசு கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறன்."

"எனக்கு அப்ப பன்னிரண்டு வயசு அம்மா."

"ஓம். பன்னிரண்டு. அது பிள்ளை வயசு, அதை நான் பிழை சொல்லேல்லை." என் பக்கம் திரும்பினார். எவ்வளவு தெரிந்ததோ தெரியாது, நேராக என் முகத்தைத்தான் பார்த்தார். "பிறகு உனக்கு இருபது வரேல்லையோ? முப்பது வரேல்லையோ?"

நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

கோயிலுக்கு வரும்போது கண் தெரியாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவர், மதிலைத் தடவிக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்குத் தனியாக நடந்து போனார்.